கையறு நிலையும் கை செய்யும் கலையும்

சாத்தம் துறையில் படகேறிப் பாம்பூஃப்ளாட் கரையில் இறங்குதற்குச் சிறிது நேரமே போதும். அச்சிறு பொழுதில் படகின் கம்பியைப் பற்றி நிற்பவர் செவியில் இந்தியும் வங்காளமும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் மாறி மாறி விழும். காய்கறிக் கூடையும் பள்ளிப் பையும் இருசக்கர வண்டியும் ஒரே தளத்தில் நெருங்கி நிற்கும். எதிரே பசுமை போர்த்த மலை; ஹாரியட் மலை என்று நெடுங்காலம் வழங்கிய அதற்கு 2021ஆம் ஆண்டில் மணிப்பூர் மலை என்னும் பெயர் சூட்டப்பெற்றது. பின்னே நகரம், போர்ட் பிளேர் என்று நாம் பழகிய அந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர்கள் மாறினும் நிலமும் நீரும் மாறா என்று சொல்லத் தோன்றும். இவ்வூரார் அவ்வாறு சொல்லார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தபோது, தென்னந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. அலை வந்தது, திரும்பியது. ஆனால் தாழ்ந்த நிலத்தில் புகுந்த உப்புநீரோ பல இடங்களில் திரும்பவேயில்லை. நெல் விளைந்த வயல் உப்பங்கழியாயிற்று. நிழல் தந்த மரங்கள் நீரிடையே பட்டுப்போய் நின்றன.

நிலம் இழந்தோர்க்கு அரசு கணக்கெடுத்தது, இழப்பீடும் வழங்கிற்று. மனம் இழந்தது எவ்வளவு என்று எந்தக் கணக்கர் எடுப்பார்? எந்த அளவுகோலால் அளப்பார்? இவ்வினாவே எம்மை இக்கட்டுரைக்கு இழுத்து வந்தது. துயருற்றார்க்குக் கலை மருந்தாகுமா? ஆகுமெனில், அம்மருந்தை எடுத்துச் செல்வார்க்கு உரிய அறம் யாது? முன்னதற்கு மருத்துவர் விடை கூறுவர். பின்னதற்கு நாம் ஒவ்வொருவரும் விடை தேடவேண்டும். ஏனெனில், துயருற்றாரை அணுகும் நல்லெண்ணம் எல்லோர்க்கும் உண்டு; நல்லெண்ணம் ஒன்றே போதும் என்னும் மயக்கமும் எல்லோர்க்கும் உண்டு. அம்மயக்கத்தால் யாமும் ஒரு முறை பிழை செய்தோம். அதனைப் பின்னர் உரைப்போம்.

கையறு நிலை

தலைவன் இறந்தபோது அவனைச் சார்ந்தோர் செயலிழந்து வருந்திப் பாடுதலை நம் முன்னோர் கையறுநிலை என்னும் துறையாக வகுத்தனர். புறநானூற்றில் இத்துறைப் பாடல்கள் பல. பறம்பு மலையை இழந்து, தந்தை பாரியையும் இழந்த மகளிர் இருவர் நிலவைக் கண்டு பாடிய சிறு பாட்டைத் தமிழ் கற்றார் எவரும் மறவார். இத்துறையின் பெயரைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நம் மொழியில் கை என்பது உறுப்பை மட்டும் குறிக்கும் சொல் அன்று, செயலையும் குறிக்கும். கை அறுதல் என்பது செயல் அறுதல். ஆற்றொணாத் துயரத்தின் இயல்பு இன்னது என்று இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. இழப்பு என்பது ஒன்றை இழத்தல் மட்டுமன்று. இனி நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்னும் நிலையை எய்துதலும் ஆகும். கண் பார்க்கிறது, செவி கேட்கிறது, வாய் சோறு உண்கிறது. கை மட்டும் எதையும் செய்ய மறுக்கிறது.

ஆயினும் ஒரு வியப்பு ஈண்டு உண்டு. கையற்றேம் என்று வருந்துவோர் அவ்வருத்தத்தைப் பாட்டாகச் செய்துவிடுகின்றனர். செய்ய ஒன்றுமில்லை என்பதையே ஒரு செய்கையாக்கிவிடுகின்றனர். பாடி முடித்தபோது தந்தை திரும்பி வாரார், குன்றும் மீளாது. எனினும், பாடுமுன் இருந்த மகளிரும் பாடிய பின் இருந்த மகளிரும் ஒருவரல்லர். முன்னவர் துயரத்துக்கு ஆட்பட்டவர். பின்னவர் துயரத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தவர். கலையால் மனம் ஆறுதல் பெறும் வழி இதுவே என்பது எம் கருத்து. படம் அழகாக அமைவதால் ஆறுதல் வருவதன்று. பாட்டு இலக்கணம் வழுவாது நிற்பதால் வருவதும் அன்று. அற்ற கை மீண்டும் ஒன்றைச் செய்கிறது. அதனால் வருகிறது.

நம்மிடம் இருந்த வழிகள்

இவ்வுண்மையை நம் மக்கள் நூல் கற்று அறிந்தாரல்லர். ஊர்ப் பெண்கள் இழவு வீட்டில் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கின்றனர். மாண்டவர் பெருமையையும் தம் தனிமையையும் பழகிய மெட்டில் அடுக்குகின்றனர். ஒருத்தி ஓரடியை எடுத்துக் கொடுக்கிறாள். மற்றொருத்தி ஏற்று நடத்துகிறாள். தனக்குள் வைத்துப் புழுங்கினால் உடைந்துபோகும் துன்பத்தைப் பலர் தோளில் பகிர்ந்து சுமக்க ஒரு முறை அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையையும் ஒன்றாக வைத்தார். இழிவுபடுதல், இழத்தல், நிலை தளர்தல், வறுமை என்னும் நான்கும் அழுகை பிறக்கும் இடங்கள் என்று வகுத்தார். அழுகையை மறைக்கவேண்டிய குறையாக அவர் கொள்ளவில்லை. அவர் கண்ணுக்கு அது நகையும் உவகையும் போல மாந்தர்க்கு உரிய ஒன்று.

ஆயினும், ‘எல்லாம் நம்மிடம் இருந்தன’ என்று மார்தட்டுதல் உண்மைக்கு இழுக்கு. ஒப்பாரி பெண்டிர்க்கு இடம் கொடுத்தது. ஆடவர் பலரைத் திண்ணையில் ஊமையராய் இருத்திவிட்டது. குழந்தைகளையோ, ‘அழாதே, அப்பால் போய் விளையாடு’ என்று அனுப்பிவிட்டது. மேலும், ஒப்பாரிக்கு ஊர் வேண்டும். எடுத்துக் கொடுக்க ஒருத்தியும் ஏற்க ஒருத்தியும் வேண்டும். புலம்பெயர்ந்து தீவுக்கு வந்தவர்க்கு அண்டை வீட்டார் வேறு மொழியினர். ஒரு தாய் தமிழில் அரற்ற, அடுத்த குடிலார் வங்காள மொழியில் தேற்ற, இருவர்க்கும் இடையே கண்ணீர் ஒன்றே பொதுவாக நின்ற காட்சியை யாம் கண்டிருக்கிறோம். அத்தகைய இடத்தில் மொழி வேண்டாத கலை ஒன்று தேவையாகிறது. கோட்டுக்கும் வண்ணத்துக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை.

இத்தீவுகளின் பழைய துயரங்களும் இதற்குச் சான்று கூறும். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தென்னந்தமானில் தாம் குடியேறிய இடங்களுக்கு மன்னார்காடு, மலப்புரம் என்று விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே இட்டனர். ஊரைக் கொண்டுவர இயலாதவர் ஊரின் பெயரைக் கொண்டுவந்து நட்டனர். 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையில் தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட நிலையில் சாவர்க்கர் சுவரில் ஆணியால் கீறிக் கவிதை இயற்றி, அவற்றை நெஞ்சில் பதித்துக்கொண்டார் என்பது வரலாறு. அதே சிறையில் கொடுந்துன்பம் தாளாது மனநிலை பிறழ்ந்த உல்லாஸ்கர் தத்தர் சென்னையிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். ஒருவர் தேறினார், மற்றவர் தளர்ந்தார் என்று இவர்களைத் தராசில் இடுதல் தகாது. தனிமைச் சிறை மனத்தை என் செய்யும் என்பதையும், அதற்குள்ளும் கை ஒரு வேலையைத் தேடும் என்பதையும் இவ்விருவர் வரலாறும் நமக்கு உணர்த்துகின்றன. அம்மட்டில் நிறுத்திக்கொள்வோம்.

புதிய பெயர்

ஓவியத்தை நோயாளர்க்குத் துணையாக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான் மேனாட்டில் ஒரு பெயரும் ஒழுங்கும் பெற்றது. இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்னும் ஓவியர் 1938ஆம் ஆண்டில் காசநோயுற்று மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தார். நெடுநாள் படுக்கையின் சலிப்பை வரைதலால் போக்கிக்கொண்ட அவர், பிற நோயாளர்க்கும் அதனைக் கற்பித்தார். 1942இல் அதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயரிட்டார். 1945இல் நூலும் எழுதினார். பிரேசில் நாட்டில் நீசே ட சில்வெய்ரா என்னும் பெண் மருத்துவர், மனநோயாளரின் தலையில் மின்னதிர்ச்சி பாய்ச்சுதலையும் மூளையை அறுத்தலையும் செய்ய மறுத்தார். 1946இல் ரியோ நகரின் மருத்துவமனை ஒன்றில் அவர்களுக்கு வண்ணமும் களிமண்ணும் கொடுத்தார். அவர்கள் ஆக்கியவற்றைக் காக்க 1952இல் ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார். பல்லாண்டு பேசாதிருந்தோர் கையில் தூரிகை பேசிற்று.

நம் தீவுகளுக்கும் அம்முறை வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின், 2005இன் தொடக்கத்தில், பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் அந்தமான் நிக்கோபார் முகாம்களில் பணியாற்றினர். நிம்ஹான்ஸ் என்று சுருங்க வழங்கும் அந்நிறுவனத்தார் குழந்தைகளுக்காக மேற்கொண்டவற்றுள் ஓவியமும் நாடகமும் விளையாட்டும் முறைசாராக் கல்வியும் இருந்தன. நாள்தோறும் குறித்த வேளையில் குறித்த செயல் என்னும் ஒழுங்கும் இருந்தது. நிக்கோபார் மக்களுக்கு அவர்தம் கூட்டு வாழ்வும் பண்பாட்டுப் பிணைப்பும் அரணாக நின்றதையும் அவர்கள் கண்டு எழுதினர். இது நாம் மறக்கலாகாத செய்தி. வண்ணக்கட்டி ஊருக்கும் உறவுக்கும் மாற்றாகாது. ஊரும் உறவும் சிதைந்த இடத்தில் அவற்றுக்கு ஒரு சிறு பதிலாளாக நிற்கும். கடுமையான மனநோய்க்கு மருத்துவரும் மருந்தும் வேண்டும் என்பதையும் ஈண்டே சொல்லிவிடுதல் முறை. படம் வரைந்தால் எல்லாம் சரியாகும் என்று மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவரை வீட்டில் இருத்தல் அன்பாகாது.

யாம் செய்த பிழை

இனி எம் கதை. பேரலையில் இத்தீவுக் கூட்டத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டோ காணாமலோ போயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நிக்கோபார்ப் பகுதியினர். அங்குள்ள கச்சால் தீவில், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தை நம்பி வாழ்ந்திருந்தன. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தாயகம் திரும்பி, தீவில் குடியேறி, அத்தீவிலும் கடலால் எறியப்பட்ட அவர்களுட் சிலர் உறவினரைத் தேடி இப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர். யாமோ, தமிழால் ஒன்றுகூடிய சிலர். மாலை வேளைகளில் தாளும் மெழுகு வண்ணக்கட்டிகளும் எடுத்துக்கொண்டு தகரக் கூரையிட்ட குடில்களுக்குச் சென்றோம். பகல் வெயிலில் அத்தகரம் காய்ந்து கனலாய் எரியும். பொழுது சாய்ந்த பின்னரே உள்ளே குந்த முடியும்.

முதல் நாள் யாம் குழந்தைகளிடம் கூறியது இது: ‘நீங்கள் பார்த்ததை வரையுங்கள்.’ நல்ல எண்ணத்தோடுதான் கூறினோம். மனத்தில் அடைபட்டது வெளிவந்தால் நலம் என்று கேட்டிருந்தோம். பிள்ளைகள் கடலை வரைந்தனர். எல்லோரும் கடலை வரைந்தமையால் நீலக்கட்டிதான் முதலில் தீர்ந்தது. ஒரு சிறுவன் கடலுக்குச் சிவப்பைத் தீட்டியிருந்தான். எம்முள் ஒருவர் அதனைக் கண்டு உருகி, ‘குருதிக் கடல் அன்றோ இது!’ என்றார். அதனை ஏட்டில் குறித்துக்கொண்டார். சில நாள் சென்று அச்சிறுவனை மெல்ல வினவியபோது அவன், ‘நீலம் முடிஞ்சு போச்சு, மாமா’ என்றான். பிறர் மனத்தைப் படித்துவிட்டோம் என்று இறுமாந்த எமக்கு அது முதற் பாடம்.

இரண்டாம் பாடம் கடியது. அதே சிறுவன் நாள்தோறும் ஓர் அலையையே வரைந்தான். அலைக்குள் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒரு கட்டில். நாளாக நாளாக அலை சற்றுச் சிறிதாயிற்று. வீடு சற்றுப் பெரிதாயிற்று. அவனுக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்திருந்தால் போதும். யாமோ அப்படங்களை எடுத்துச் சட்டமிட்டு, ஒரு விழாவில் வரிசையாகத் தொங்கவிட்டோம். வந்தோர் கண் கலங்கினர், கைதட்டினர், புகைப்படம் எடுத்தனர். சிறுவனை மேடைக்கு அழைத்துப் பரிசும் அளித்தோம். ‘உனக்குச் சம்மதமா?’ என்று அவனை எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று எமக்குத் தோன்றவுமில்லை. மறுவாரம் குடிலுக்குச் சென்றபோது அவன் தாளை வாங்கவில்லை. பல வாரங்கள் வாங்கவேயில்லை. அவன் பாட்டி எம்மிடம் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது: ‘அது அவன் அம்மாவுக்குப் போட்ட படம், சாமி. ஊருக்கா போட்டான்?’

யாம் தலைகுனிந்தோம். துயருற்றவனிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமையை அவன் கையிலிருந்து வாங்கி, எம் ஈகையின் விளம்பரமாக்கினோம். அற்ற கை சற்றே துளிர்த்தபோது, அத்துளிரைக் கிள்ளிக் காட்சிக்கு வைத்தோம். வேறு எவரும் இதனைச் செய்யவில்லை, யாமே செய்தோம்.

படம் யாருக்கு உரியது?

இவ்விடத்து எழும் வினா எளிதன்று. பிறர் துயரைக் காணாது உலகம் இரங்குவது யாங்ஙனம்? படங்கள் காட்டப்படாவிடில் உதவி வருவது எவ்வாறு? வரலாறு இருபுறமும் சான்று தருகிறது.

ஜெர்மனியில் ஹைடல்பர்க் மருத்துவமனையில் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்னும் மருத்துவர் மனநோயாளரின் படங்களைத் திரட்டி, 1922இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அப்படங்களைக் கலையாக மதித்து நோக்கினார். ஆனால் நாஜி ஆட்சியினர் 1937இல் தொடங்கிய ‘சீரழிந்த கலை’ என்னும் கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டுசென்றபோது, அத்தொகுப்பிலிருந்து சில படங்களை எடுத்து, புதுமை ஓவியர்களின் படங்களுக்கருகே மாட்டினர். இரண்டையும் பார்த்து மக்கள் நகைக்கவேண்டும் என்பதற்காக. அத்தொகுப்புக்குப் படம் தந்த நோயாளருள் சிலர் அவ்வாட்சியாலேயே கொல்லவும்பட்டனர். ஒரே படம், ஒருவர் கையில் மதிப்புப் பெற்றது, மற்றவர் கையில் இழிவுக்குக் கருவியாயிற்று.

இன்னொரு சான்று நெஞ்சை உருக்குவது. ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்னும் ஓவிய ஆசிரியை யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் முகாமில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். கிடைத்த தாளிலெல்லாம் அவர்கள் வரைந்தனர். படங்களில் தத்தம் பெயரை எழுதினர். எண்ணாக மாற்றப்பட்ட குழந்தைகள் அவ்வேளையிலாவது பெயருடையோராயினர். 1944இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் அவர் ஏறத்தாழ 4,500 படங்களை இரு பெட்டிகளில் வைத்து மறைத்தார். அவர் திரும்பவில்லை; அக்குழந்தைகளுள் பெரும்பாலோரும் திரும்பவில்லை. இக்கலை என்ன பயன் தந்தது என்று கேட்பாரும் உளர். உயிரைக் காக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் வரைந்துகொண்டிருந்த அவ்வொரு நாழிகையில் அக்குழந்தை எவர்க்கும் அடிமையாயிருக்கவில்லை. அந்நாழிகையைப் பின் வந்த எந்தக் கொடுமையாலும் இல்லையாக்க முடியவில்லை. இன்று அப்படங்களை உலகம் காண்கிறது. அவர் காட்சிக்காக அவற்றைச் செய்வித்தாரல்லர், குழந்தைகளுக்காகச் செய்வித்தார். காட்சியாக அமைந்தது பின்னை நிகழ்ச்சி.

இவ்வேற்றுமையில்தான் அறம் அடங்கியிருக்கிறது எனத் துணிகிறோம். படம் யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்க்கே உரியது. வரைந்தவர் விரும்பினால் ஊரார் காணலாம்; விரும்பாவிடில் அது மடித்துப் பெட்டியில் வைக்கப்படலாம், கிழிக்கப்படலாம், கடலிலும் விடப்படலாம். துயருற்றவர் தம் துயரை நமக்குக் காட்டக் கடமைப்பட்டவரல்லர். நாம் சோறும் துணியும் கொடுத்தோம் என்பதால் அவர்தம் மனக்கதவைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. பசித்தவனுக்கு உணவிட்டவன் அவன் உண்ணும்போது வாயையே உற்று நோக்குதல் நாகரிகமாகுமா?

வாய் திறவாமல் இருத்தலும் ஒருவர் உரிமையே. பெருந்துயர் நேர்ந்த உடனே நிகழ்ந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லச் செய்தால் மனம் தெளியும் என்று ஒரு காலத்தில் நம்பினர். அவ்வாறு செய்தல் பின்வரும் நோயைத் தடுப்பதில்லை, சிலர்க்குத் தீங்கும் செய்யலாம் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உலகச் சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைப்பதில்லை. ‘பார்த்ததை வரையுங்கள்’ என்று முதல் நாள் யாம் இட்ட ஆணையும் இத்தகையதே. கேட்க இனிது, உள்ளே வன்மை உடையது. ‘விரும்பியதை வரையலாம், விரும்பினால் வரையலாம்’ என்பதே சொல்லத்தக்கது. அருகிருப்பவர் செய்யவேண்டுவது சிறிதே: தாள் கொடுத்தல், நேரம் கொடுத்தல், குறித்த நாளில் தவறாது வருதல், கேட்கப்படும்வரை பொருள் உரையாதிருத்தல். சிறிது என்றோம்; செய்து பார்ப்பவர்க்கே அதன் அருமை தெரியும். பேசுதற்கு நாம் பலகாலும் பயின்றிருக்கிறோம். உடனிருந்து வாளா இருத்தற்குப் பயின்றிலோம்.

கலையை மருந்தாக்கினால் கலையின் பெருமை குன்றாதோ என்று அஞ்சும் அறிஞரும் உளர். கலை கலைக்காகவே என்பது அவர் கொள்கை. அவர் அஞ்சுதற்கு இடமில்லை. கோயில் விளக்கு இருளைப் போக்குவதால் அதன் தெய்வத்தன்மை குறைந்துவிடாது. மாறாக, கலை ஒரு சிலர்க்கே உரிய திறமை என்று நாம் கட்டிய வேலியைத் துயருற்றார் கை தகர்த்துவிடுகிறது. வரையத் தெரியாதவர் வரைந்த கோணல் கோட்டிலும் ஒரு மனிதர் நிற்கிறார். அவரை நாம் வணங்கலாம்.

ஒரு கோலம்

அக்குடில்களில் ஒரு தாய் இருந்தார். இரு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். யாம் கொண்டுசென்ற தாளை அவர் தொட்டதில்லை. ‘இதெல்லாம் புள்ளைங்களுக்கு’ என்று சொல்லிவிடுவார். இழவு நேர்ந்த வீட்டு வாயிலில் கோலம் இடாதிருத்தல் நம் வழக்கம். அந்நாட்கள் கழிந்து மாதங்கள் பல சென்ற பின்னும் அவர் குடிலின் வாயில் வெறுமையாகவே கிடந்தது. தகர வீட்டுக்குக் கோலம் எதற்கு என்றோ, யாருக்காக இடுவது என்றோ அவர் எண்ணியிருக்கலாம். யாம் கேட்கவில்லை. முன் பட்ட பாடம் எம் நாவைக் கட்டியிருந்தது.

ஒரு நாள் விடியலில் யாம் சென்றபோது அவ்வாயிலில் நீர் தெளிக்கப்பட்டிருந்தது. அரிசி மாவு உண்பதற்கே போதாத காலம். பள்ளிச் சுண்ணக்கட்டியைத் தூளாக்கி ஒரு சிக்குக் கோலம் இட்டிருந்தார். பெரியதன்று, எண்ணினால் இருபது புள்ளிகளுக்கு மேல் இரா. கோடு ஒவ்வொரு புள்ளியையும் தொடாமல் வளைத்து, எந்தப் புள்ளியையும் விட்டுவிடாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. எவரும் அவரை இடச் சொல்லவில்லை. எந்த மருத்துவரும் அதனைச் சிகிச்சை என்று எழுதி வைக்கவில்லை. யாமும் அதனைப் புகைப்படம் எடுக்கவில்லை. ‘நல்லா இருக்குதுங்களா?’ என்று அவரே கேட்டார். ‘நல்லா இருக்குதும்மா’ என்றோம். அவ்வளவே எம்மிடையே நடந்த பேச்சு.

அச்சிறுவனும் பிற்பாடு தாளை வாங்கினான். வாங்கியது எம்மிடமன்று, புதிதாக வந்த வேறொரு தொண்டரிடம். எம்மை மன்னித்தானா என்று யாம் அறியோம். அறியும் உரிமையும் எமக்கில்லை.

துன்பம் வராத வாழ்வு எவர்க்கும் வாய்ப்பதில்லை. கடல் சூழ்ந்த நமக்கு அதனை நினைவூட்ட நூல்கள் வேண்டுவதில்லை. படகுத் துறையில் நின்றாலே போதும். கையறு நிலை ஒரு நாள் நம் ஒவ்வொருவர் வாயிலுக்கும் வரும். அன்று நம் கைக்கு எட்டும் தொலைவில் ஒரு தாளோ, ஒரு பாட்டோ, ஒரு பிடி சுண்ணத் தூளோ இருக்குமாறு இன்றே பழகிக்கொள்வோம். அது பிறர் வாயிலுக்கு வந்தால், அவர் கையைப் பிடித்து இழுக்காமல், அது தானே அசையும்வரை அருகில் அமர்ந்திருக்கக் கற்போம். கை கொடுத்தல் என்று நம் மொழியில் உதவிக்கு ஒரு பெயர் உண்டு. நம் கையைக் கொடுப்பது மட்டும் உதவியன்று. அவர் கையை அவர்க்கே திருப்பித் தருவதே உதவி.